எந்தக் கீழாநெல்லி?

தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வரப்பெல்லாம் கீழாநெல்லி முளைத்துக் கிடக்கும். மஞ்சள் காமாலை என்றால் அதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். 1988-இல் இந்தச் செடி 'லான்செட்' மருத்துவ இதழுக்குள் நுழைந்தது. எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் அவர்களுடன் இருந்தார். தினம் மூன்று வேளை, வேளைக்கு 200 மில்லிகிராம் பொடி, 30 நாட்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்றுப்பொடி எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது.

பிற நாடுகளில் இதைச் செய்துபார்த்தவர்களுக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. காரணங்கள் பல பேசப்பட்டன: ஆட்களின் எண்ணிக்கை குறைவு, தொற்று எந்த வயதில் வந்தது, செடி வளர்ந்த மண். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொரு கேள்வி. அவர்கள் கொடுத்தது எந்தக் கீழாநெல்லி? நம் தாவர நூல்கள் 'ஃபைலாந்தஸ் நிரூரி' என்று நெடுங்காலம் எழுதிவந்த செடி ஒன்றல்ல; அமாரஸ், ஃப்ரேட்டர்னஸ், டெபிலிஸ் என்று மூன்று இனங்கள் அந்த ஒரே பெயருக்குள் இருந்தன என்பதை 1985-இல் தாவரவியலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. அப்படியிருந்தும் புளும்பெர்க் குழுவின் 1987-ஆம் ஆண்டுக் கட்டுரையில்கூட நிரூரி என்ற பெயர்தான் இருந்தது. மறு ஆண்டு லான்செட்டில் அது அமாரஸ் ஆயிற்று. (ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லி நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல என்பதே இன்றைய நிலை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.)

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படிக்கும் பிள்ளைகளிடம் நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். 1964-இல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே எழுதப்பட்ட ஆய்வேடுகள் பலவற்றை எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் படிக்கலாம். உழைப்பு மலைக்க வைக்கிறது. ஆனால் பைண்டு செய்த ஆய்வேடு வேறு, ஆய்விதழுக்குப் போகும் கட்டுரை வேறு. நூற்றுக்கணக்கான பக்கங்களை மூவாயிரம், நான்காயிரம் சொற்களுக்குள் கொண்டுவர வேண்டும். அப்போது பலர் செய்முறைப் பகுதியில்தான் கத்திரிக்கோலை வைக்கிறார்கள். அங்கே மட்டும் வைக்கக் கூடாது. முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பகுதியை மட்டும் படித்து, அதே மருந்தை அதே அளவில் செய்ய முடிய வேண்டும். செடியை எந்த ஊரில், எந்த மாதம் பறித்தோம்? வேரோடு சேர்த்தோமா? எத்தனை முறை சுத்தி செய்தோம், பொடியா, குடிநீரா (கஷாயமா)? எல்லாம் அதில் இருந்தாக வேண்டும்.

செடியின் அடையாளத்துக்குச் சாட்சியும் வேண்டும். பூவும் காயும் உள்ள கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி உலர்த்தி, அட்டையில் ஒட்டி, பறித்தவர் பெயரும் இடமும் தேதியும் எழுதி ஒரு ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) சேர்க்க வேண்டும். அங்கே தரும் எண்ணைத்தான் ஆய்விதழ் ஆசிரியர் கேட்பார். இதற்காக வெளியூர் போக வேண்டியதில்லை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலேயே உலகத் தாவரவியலாளர்கள் அறிந்த ஹெர்பேரியம் இருக்கிறது. செடியைப் பறிக்கும் அன்றே இதைச் செய்துவிட வேண்டும். பொடியாக்கிய பிறகு அது எந்தச் செடி என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. நம் பக்கத்து மலைகளின் மூலிகை அறிவும் ஒழுங்காகப் பதிவாகி உலக இதழ்களுக்குப் போயிருக்கிறது. அங்கே வாழும் காணிப் பழங்குடி மக்களின் மருத்துவ அறிவைப் பற்றி அய்யனாரும் சவரிமுத்து இக்னாசிமுத்துவும் எழுதிய கட்டுரை 2005-இல் 'ஜர்னல் ஆஃப் எத்னோஃபார்மகாலஜி'யில் வந்தது.

நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வென்றால் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதியும் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். மருந்துப் பரிசோதனைகளுக்காக 2007-இல் தொடங்கிய இந்தியப் பதிவேடு அது. முன்கூட்டிப் பதியாத மருந்துப் பரிசோதனைகளை வெளியிட மாட்டோம் என்று முன்னணி மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 2004-லேயே சொல்லிவிட்டார்கள். ஆய்வு முடிந்த பிறகு இதற்கெல்லாம் ஓடுவதில் பயனில்லை.

கட்டுரையின் ஆசிரியர் பட்டியல் மனவருத்தம் தரும் இடம். ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்தில் அல்லது திருத்தத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு: சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழுவின் விதிப்படி இந்த நான்கும் உள்ளவரே ஆசிரியர். துறைத்தலைவர் என்பதற்காக மட்டும் ஒரு பெயரைச் சேர்ப்பது தவறு. ராத்திரியெல்லாம் லேபில் நின்ற இளையவரின் பெயரை விடுவது அதைவிடப் பெரிய தவறு.

ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், பணம் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். நல்ல இதழில் மதிப்பீட்டாளர்களின் கேள்விகள் வர மாதக்கணக்கில் ஆகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும்; ஏற்க முடியாததற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒரு இதழ் நிராகரித்தால் திருத்தி அடுத்த இதழுக்கு அனுப்பலாம், ஒரே நேரத்தில் இரண்டுக்கு அனுப்பக் கூடாது.

மருந்து பலன் தரவில்லை என்று முடிந்த ஆய்வேடுகளையும் அனுப்புங்கள். கீழாநெல்லியைத் திரும்பச் செய்துபார்த்துப் பலன் இல்லை என்று கண்டவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால், எந்தக் கீழாநெல்லி என்று கேட்க வேண்டிய தேவையே நமக்குத் தெரிந்திருக்காது.