தொழில் கற்றுக் கொடுத்தால் போதுமா? வேலை எங்கே? – மாற்றுத்திறனாளிகள் எழுப்பும் கேள்வி

கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு அந்தக் குரல் பழக்கமானது.

"பேனா, கர்ச்சீப், ஊக்கு... பத்து ரூபாதான் சார்!"

கையில் வெள்ளைக் கோல். தோளில் பை. கூட்டத்துக்குள் தடவித் தடவி வருகிறார் பார்வையற்ற வியாபாரி. "பாவம்பா" என்று ஒரு பேனா வாங்குகிறோம். சைதாப்பேட்டை வருவதற்குள் மறந்து போகிறோம்.

இப்படி விற்கிறவர்களில் பட்டம் வாங்கியவர்களும் உண்டு. படிப்பு இருக்கிறது. தொழில் பயிற்சியும் இருக்கிறது. வேலைதான் இல்லை!

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாக வந்தாகிவிட்டது.

டெல்லியில் மறியல்

1995 டிசம்பர் 19. டெல்லியில் பாராளுமன்றத்துக்கு அருகே ஊனமுற்றோர் திரண்டார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஜாவேத் அபிதி. அவரே சக்கர நாற்காலியில் இருந்தவர். "எங்களுக்கு ஒரு சட்டம் வேண்டும்" என்பதுதான் கோரிக்கை. அந்த மாதமே சட்டம் நிறைவேறியது. அரசு வேலையில் 3 சதவீதம் ஒதுக்கீடு என்றார்கள்.

ஆனால் ஒரு கொக்கி வைத்தார்கள். 'இன்னின்ன வேலை இவர்களுக்கு ஏற்றது' என்று அரசு பட்டியல் போட வேண்டும். பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டும்தான் 3 சதவீதம் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள்.

ஒரு பேச்சுக்கு, 1,000 காலி இடம் என்று வைத்துக் கொள்வோம். பட்டியலில் வருவது 200. அதில் 3 சதவீதம் என்றால் 6 பேர். மொத்த இடத்துக்கும் கணக்கிட்டால் 30 பேர்! கணக்கை மாற்றினால் 24 பேர் வேலை போச்சு.

சென்னை வீதியில்

2013 செப்டம்பரில் நம் சென்னையே இதைப் பார்த்தது. பார்வையற்ற பட்டதாரிகள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். சாலையில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வேனில் ஏற்றப்பட்டார்கள். அவர்கள் கேட்டது சலுகை அல்ல. சட்டத்தில் எழுதியிருக்கும் வேலை.

அடுத்த மாதமே, அக்டோபர் 8-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டில் இன்னொரு வழக்கில் தீர்ப்பு வந்தது. தேசிய பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடுத்திருந்த வழக்கு அது. 'மொத்தக் காலி இடத்துக்கும் சேர்த்துத்தான் 3 சதவீதம் கணக்கிட வேண்டும், 3 மாதத்துக்குள் காலி இடங்களை எண்ணி முடிக்க வேண்டும்' என்று கோர்ட்டு சொன்னது. சட்டம் வந்து 18 வருடம் கழித்து, கூட்டல் கழித்தலுக்கே சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது!

ஐந்து, நாலானது

2014-ல் புது மசோதா வந்தது. அதில் வேலை ஒதுக்கீடு 5 சதவீதம். 2016 டிசம்பரில் சட்டமாக வெளியே வந்தபோது 4 சதவீதம். ஒரு சதவீதம் வழியில் கழன்று விட்டது.

நல்லதும் உண்டு. 7 வகை ஊனம் 21 வகை ஆனது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் எல்லாம் உள்ளே வந்தார்கள். ஒரு வருடம் ஆள் கிடைக்கவில்லை என்றால், அந்த இடத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உடனே வேறு ஆளைப் போட்டு மூடிவிட முடியாது.

மெழுகுவர்த்தி மட்டும்தானா?

புதுச் சட்டத்தின் 19-வது பிரிவு தொழில் பயிற்சி பற்றியது. எல்லோரும் படிக்கிற பயிற்சித் திட்டங்களிலேயே இவர்களையும் சேர்க்க வேண்டும், சொந்தத் தொழில் தொடங்கக் குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும், செய்த பொருளை விற்க வழி செய்ய வேண்டும் என்கிறது.

உரிமைக்காகப் போராடுகிறவர்களின் ஆத்திரம் இங்கேதான். ஊனமுற்றவர் என்றாலே மெழுகுவர்த்தி, நாற்காலி பின்னுதல், ஊதுபத்தி. காலத்துக்கும் இதுதானா? கம்ப்யூட்டர் கூடாதா? கணக்கு எழுதக் கூடாதா? கிண்டியில் மத்திய அரசின் தொழில் மறுவாழ்வு மையம் உண்டு. பெயர் இப்போது மாறிவிட்டது. ஒருவரால் என்ன வேலை முடியும் என்று பார்த்துப் பயிற்சி தருவதற்கான இடம். பயிற்சி முடித்து சர்டிபிகேட்டோடு கம்பெனி வாசலில் நின்றால், "எழுதிக் குடுத்துட்டுப் போங்க, சொல்லி அனுப்புறோம்." அப்புறம் யார் சொல்லி அனுப்புவது?

அந்தக் கம்பெனியைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தனியார் முதலாளிகள் 5 சதவீதம் பேரை வைத்துக் கொள்ள, அரசு 'தன் பொருளாதார வசதிக்கு உட்பட்டு' ஊக்கச் சலுகை தரும் என்பதோடு 35-வது பிரிவு நின்றுவிட்டது. "பயிற்சி கொடுப்பது கட்டாயம், வேலை கொடுப்பது இஷ்டம் என்றால் எப்படி?" இதுதான் அவர்கள் கேள்வி.

2011 மக்கள் தொகைக் கணக்குப்படி நாட்டில் 2 கோடியே 68 லட்சம் ஊனமுற்றோர். அதில் வேலை செய்கிறவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான்.

நாளை உங்களுக்கும்

'நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். இன்று மாலை பஸ்ஸில் இருந்து தவறி விழுந்து காலை இழந்தால்? அரசு ஆபீஸ் ஊழியர் என்றால் உங்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அது இல்லாவிட்டால் ஓய்வு பெறும் வரை தனியாக ஓர் இடம் உண்டாக்க வேண்டும். 20-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. தனியார் ஊழியருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

சட்டத்தை மீறினால் முதல் தடவை 10 ஆயிரம் வரை அபராதம். மறுபடி மீறினால் 50 ஆயிரத்தில் இருந்து 5 லட்சம் வரை. 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சர்டிபிகேட் வைத்திருப்பவர்கள் வேலை ஒதுக்கீட்டைக் கேட்கலாம். மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம்.

கடை வைத்திருப்பவர்களே! அடுத்த முறை கணக்கெழுத ஆள் தேடும்போது, ஊன்றுகோலோடு ஒருவர் வந்து நின்றால் காலைப் பார்க்காதீர்கள். கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.