சித்திரக்கதை திறந்துவிட்ட கதவு

புலம்பெயர்ந்து வாழும் எமது பெற்றோர் பலரிடம் ஒரு மனக்குறை உண்டு. பிள்ளை பாடநூலைத் தொடுவதில்லை, பொழுதெல்லாம் படக்கதைப் புத்தகத்தோடே கிடக்கிறது என்பதே அது. அப்புத்தகத்தைப் பறித்து ஒளித்து வைப்பதற்கு முன்னர், நாம் எவ்வாறு வாசகரானோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதன் பின்னர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய தலைமுறை நாம். கைமாறிக் கைமாறி ஓரம் கிழிந்துபோன கதைப் புத்தகங்களே எமது முதல் நூலகம். 'அம்புலிமாமா'வில் வேதாளத்தைத் தோளில் சுமந்து நடந்த விக்கிரமாதித்தனின் படம் எம்மைக் கதைக்குள் இழுத்தது. சிவகாசியில் 1972 இல் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984 இல் வெளிவரத் தொடங்கிய லயன், ராணி காமிக்ஸ் இதழ்களும் எம்மை உலகெங்கும் கூட்டிச் சென்றன.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தது. செய்தித்தாள்கள் கொப்பித் தாளில் அச்சான அந்நாட்களில் புதிய புத்தகம் கிடைப்பது அரிதாயிற்று. பழையவற்றையே சிக்கன விளக்கின் ஒளியில் மீண்டும் மீண்டும் படித்தோம். கடைசிப் பக்கம் கிழிந்திருந்தால், முடிவை நாமே கட்டிக்கொண்டோம். கதை புனையும் கலையின் முதற்பாடமும் அதுவாகவே இருந்தது.

அன்று எம்மைக் கவர்ந்த இரும்புக்கை மாயாவி, உடலில் மின்சாரம் பாய்ந்ததும் கை மட்டும் தெரிய மறைந்துபோவான். அவன் 1962 இல் 'வேலியன்ட்' என்ற பிரித்தானிய வார இதழில் பிறந்தவன். அவனை வரைந்த பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். இவற்றையெல்லாம் அறியாமலே அவனை எம்மவனாக ஏற்றோம்.

படக்கதைக்கு இந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? தெரியாத சொல்லைப் படம் விளக்குகிறது. வாக்கியங்கள் சிறியவை, பெரும்பாலும் பேச்சு வடிவிலானவை. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் பக்கத்தைப் புரட்ட வைக்கிறது. முகாமில் வழக்கு முடிவுக்குக் காத்திருந்தபடி புதிய மொழி பயிலும் வளர்ந்தவர்க்கும் இது உதவும்.

இப்புத்தகங்கள் பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற அச்சம் புதியதன்று. 1954 இல் அமெரிக்க மனநல மருத்துவர் பிரெட்ரிக் வெர்தாம் இவ்வாறு குற்றஞ்சாட்டிப் பெருநூலொன்றை எழுதினார். அவரது ஆவணங்களை ஆராய்ந்த கரோல் டில்லி, சான்றுகள் பலவற்றை அவர் திரித்திருந்ததை 2012 இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார்.

எமது பிள்ளைகள் இங்கு விரும்பிப் படிக்கும் அஸ்ரெரிக்ஸ், பிரெஞ்சு மண்ணின் அடையாளமாகவே போற்றப்படும் வீரன். 1959 இல் அவனைப் படைத்த இருவரும் வந்தேறிகளின் மைந்தர்கள். கதை எழுதிய கொசினி கிழக்கு ஐரோப்பிய யூதப் பெற்றோருக்குப் பிறந்து ஆர்ஜென்டினாவில் வளர்ந்தவர். படம் வரைந்த உதேர்சோ இத்தாலியக் குடும்பத்தவர். வந்து சேர்ந்த நாட்டின் கதையை வந்தவரின் பிள்ளைகளும் எழுதலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும் எமது கவலை வேறொன்று. பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் திறந்திருக்கும் இக்கதவு, தமிழில் எமது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் இலக்கணமும் தேர்வுமாகவே தமிழ் அவர்களைச் சந்திக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, அம்மம்மா எழுதிய கடிதத்தைத் தானே வாசிக்க இயலாது நிற்கிறது. நாம் ஏன் நாட்டைவிட்டு வந்தோம் என்பதை எமது மொழியிலேயே நாம் எழுதி வைத்தாலும், நாளை அதைப் படிப்பவர் யார்?

வழி கடினமானதன்று. லக்கி லூக்கின் சாகசங்கள் பல சிவகாசியிலிருந்து தமிழிலும் வெளிவந்துள்ளன. பிள்ளை பிரெஞ்சில் படித்துச் சிரித்த கதையைத் தமிழிலும் கையில் கொடுங்கள். கதை ஏற்கெனவே தெரியும். எழுத்து மட்டுமே புதிது. அருகில் அமர்ந்து ஒரு பாத்திரத்தின் பேச்சை நீங்கள் வாசியுங்கள், மற்றதைப் பிள்ளை வாசிக்கட்டும். பிழை திருத்த அவசரப்பட வேண்டாம். பக்கத்தைப் புரட்டும் ஆவல் முதலில் வரட்டும். இலக்கணம் பின்னால் வந்து சேரும்.