வெற்றுக் கட்டமும் பூஜ்ஜியமும் ஒன்றல்ல
(மாணவர் பட்டியல்களை இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை)

தேர்வு முடிந்ததும் நம் கைக்குப் பல பட்டியல்கள் வருகின்றன. பாட ஆசிரியர்கள் தரும் மதிப்பெண் பட்டியல், சேர்க்கைப் பதிவேட்டின்படி அமைந்த பெயர்ப்பட்டியல், வருகைப் பட்டியல் ஆகியவற்றை எக்செல் அல்லது லிப்ரே ஆபிஸ் விரிதாளில் ஒன்றாக இணைக்கிறோம். குறைதீர் கற்பித்தலுக்கு உரிய மாணவர்களை அதிலிருந்துதான் தெரிவு செய்கிறோம். இணைப்பில் பிழை நேர்ந்தால், உதவி தேவைப்படும் ஒரு குழந்தையின் பெயர் ஓசையின்றி விடுபட்டுப் போகும்.

விரிதாளில் = குறியிட்டு நாம் எழுதுவது ஒரு கோவை. மதிப்புகள், செயற்குறிகள், சார்புகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கோவை. +, −, *, / ஆகியவை கணக்கீட்டுச் செயற்குறிகள். <, >, = ஆகியவை ஒப்பீட்டுச் செயற்குறிகள். உள்ளீட்டைப் பெற்றுக்கொண்டு ஒரு விடையைத் திருப்பித் தருவது சார்பு. பத்தாம் வகுப்புக் கணிதத்தில் நாம் கற்பிக்கும் சார்பின் கருத்தும் இதுவே. (சார்புகளின் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும், இங்கு ஒலிப்பை மட்டும் தருகிறேன்.)

35-க்குக் குறைவாகப் பெற்றவர்களைக் கண்டறிய நாம் வழக்கமாக எழுதும் கோவை இது:

=இஃப்(பி2<35, "தனிக்கவனம்", "சரி")

இதை நான்கு மாணவர்களுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

1. கட்டத்தில் 28 என்ற எண் உள்ளது. விடை: தனிக்கவனம். இது சரியானது.
2. கட்டத்தில் 28 உள்ளது. ஆனால் அது எழுத்தாகப் பதிவாகியுள்ளது. விடை: சரி.
3. தேர்வுக்கு வராததால் கட்டம் வெறுமையாக உள்ளது. விடை: தனிக்கவனம்.
4. கட்டத்தில் "வரவில்லை" என்ற சொல் உள்ளது. விடை: சரி.

நான்கில் ஒன்றுதான் நாம் கருதிய விடை. ஆயினும் திரையில் எந்தப் பிழைச்செய்தியும் தோன்றாது. காரணம், ஒப்பீட்டின்போது வெற்றுக் கட்டத்தை விரிதாள் பூஜ்ஜியமாகக் கொள்கிறது. எழுத்தாகப் பதிவான எதையும் எல்லா எண்களையும் விடப் பெரியதாகக் கொள்கிறது. எனவே 28 மதிப்பெண் பெற்ற இரண்டாவது மாணவரும், தேர்வே எழுதாத நான்காவது மாணவரும் "சரி" என்று ஒதுக்கப்படுகின்றனர்.

எண் எழுத்தாகப் பதிவாகியிருப்பதை எளிதில் அறியலாம். சீரமைப்பை நாம் மாற்றாதவரை, எண்கள் கட்டத்தின் வலப்பக்கமும் எழுத்துகள் இடப்பக்கமும் நிற்கும். அத்தகைய எண்ணை வேல்யூ என்னும் சார்பு உண்மையான எண்ணாக மாற்றித் தரும். பெயர்களின் முன்னும் பின்னும் உள்ள தேவையற்ற இடைவெளிகளை ட்ரிம் சார்பு நீக்கும்.

நமது கோவையையும் இவ்வாறு திருத்தலாம்:

=இஃப்(ஈஸ்நம்பர்(பி2), இஃப்(பி2<35, "தனிக்கவனம்", "சரி"), "பார்க்க")

முதலில் கட்டத்தில் இருப்பது எண்தானா என்று கேட்கிறோம். எண் என்றால் மட்டுமே ஒப்பிடுகிறோம். மற்ற அனைத்தும் "பார்க்க" என்று நம் முன் வந்து நிற்கும். அவர்களைக் குறித்து முடிவெடுப்பது ஆசிரியரின் பணி.

இரு பட்டியல்களை இணைக்க விலுக்கப் சார்பு பயன்படுகிறது. இதில் நான்கு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, பெயரைக் கொண்டு இணைக்காமல் சேர்க்கை எண்ணைக் கொண்டு இணைக்க வேண்டும். ஒரே பெயரில் இருவர் இருந்தால், இருவருக்கும் முதலாமவரின் மதிப்பெண்ணே வரும். இரண்டாவது, சார்பின் நான்காம் இடத்தில் 0 இட வேண்டும். அதை விட்டுவிட்டால், வரிசைப்படுத்தாத பட்டியலில் வேறொரு மாணவரின் மதிப்பெண் வந்துவிடக்கூடும். மூன்றாவது, தேடும் எண் இல்லாதபோது தோன்றும் பிழைக்குறியை மறைக்க, இஃப்எரர் சார்பின் மூலம் 0 இடும் பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும். பட்டியலில் இல்லாத குழந்தை, பூஜ்ஜியம் பெற்ற குழந்தை ஆகிவிடும். நான்காவது, மூலப் பட்டியலில் கட்டம் வெறுமையாக இருந்தால் எக்செல்லில் விலுக்கப் 0 என்றே காட்டும். அது எண் என்பதால் நாம் திருத்திய கோவையும் ஏமாந்துவிடும். ஆகவே, வராதவர்களுக்கு மூலப் பட்டியலிலேயே "வரவில்லை" என்று எழுதிவிடுவது நல்லது.

சராசரியிலும் இதே சிக்கல் உண்டு. 40, 50 என்ற இரு மதிப்பெண்களும் ஒரு வெற்றுக் கட்டமும் இருந்தால் ஆவரேஜ் சார்பு 45 என்று தரும். அந்த வெற்றுக் கட்டத்தில் 0 இட்டால் சராசரி 30 ஆகிவிடும்.

பெரிய தரவுத்தளங்களில் பயன்படும் எஸ்கியூஎல் மொழியில், மதிப்பில்லாத இடம் 'நல்' எனப்படும். அதை 35-உடன் ஒப்பிட்டால் விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. 'அறியப்படாதது' என்று வரும். அதனால் 35-க்குக் குறைவானோர் பட்டியலிலும், 35-உம் அதற்கு மேலும் பெற்றோர் பட்டியலிலும் அந்த மாணவர் இடம்பெறமாட்டார். கருவி மாறினாலும், விடுபட்ட மதிப்புக்கு என்ன பொருள் என்பதை நாம்தான் கோவையில் சொல்ல வேண்டும்.

கணித ஆசிரியர்களுக்கு இன்னொரு செய்தி. பாடநூலின்படி −3² இன் மதிப்பு −9. விரிதாளில் =-3^2 என்று இட்டால் 9 வரும். விரிதாள் முதலில் குறையெண் குறியைச் சேர்த்துக்கொண்டு, பிறகு அடுக்கைக் கணக்கிடுகிறது. =-(3^2) என அடைப்புக்குறி இட்டால் −9 கிடைக்கும். செயற்குறிகளின் முன்னுரிமையைக் கற்பிக்கும்போது இதை மாணவர்களையே செய்துபார்க்கச் சொல்லலாம்.

நிறைவாக ஓர் எளிய சோதனை. பட்டியலை அனுப்பும் முன் மூல மதிப்பெண் நிரலில் கவுண்ட் சார்பை இட்டுப் பாருங்கள். அது எண்கள் உள்ள கட்டங்களை மட்டுமே எண்ணும். வகுப்பில் 40 பேர் இருக்க, கவுண்ட் 37 என்று காட்டினால், மூவர் தேர்வுக்கு வராதவர்களாகவோ, அவர்களின் மதிப்பெண் எழுத்தாகப் பதிவானதாகவோ இருக்கலாம். அந்த மூவர் யார் என்பதைப் பெயர் சொல்லிக் கண்டறிந்த பிறகே பட்டியலில் கையொப்பமிடுவோம்.