ஜெனரலுக்கு இரண்டு சான்றிதழ்கள்

1969 ஆகஸ்டில் தாஷ்கந்து நகரில் ஒரு மருத்துவக் குழு ஒரு கைதியைப் பரிசோதித்தது. கைதியின் பெயர் பியோத்தர் கிரிகொரென்கோ, வயது 61. இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டவர். சோவியத் படையில் மேஜர் ஜெனரலாக இருந்தவர். மாஸ்கோவின் ஃபுரூன்சே ராணுவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். ஸ்டாலின் காலத்தில் கிரிமியாவிலிருந்து துரத்தப்பட்ட தாத்தார் மக்கள் சொந்த மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்று பேசிவந்தார். அதனால்தான் கைது. பேராசிரியர் தெத்தென்கோஃப் தலைமையிலான அந்தக் குழு, இவருக்கு மனநோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தது.

மூன்று மாதம் கழித்து மாஸ்கோவின் செர்ப்ஸ்கி மனநல நிறுவனத்தில் மறுபடியும் பரிசோதனை. இந்த முறை நோய் இருந்தது. ஆளுமையே திரிந்து வளர்ந்திருக்கிறது, சீர்திருத்த எண்ணங்கள் அதன் அறிகுறி என்றார்கள். அப்படியானால் தாஷ்கந்து மருத்துவர்களின் கண்ணுக்கு அது ஏன் படவில்லை? அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்கள். இவர் ஒழுங்காக நடந்துகொள்கிறார், கோர்வையாகப் பேசுகிறார், படித்தது எதையும் மறக்கவில்லை, அதைப் பார்த்து அவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்பதே அந்த விளக்கம். தெளிவாகப் பேசுவதையே நோயின் பக்கம் சேர்த்துவிட்டால், தனக்கு நோயில்லை என்று ஒருவர் எதைக் கொண்டு காட்டுவார்?

1960களிலிருந்து 1980கள் வரை சோவியத் ஒன்றியத்தில் இது வழக்கமான நடைமுறையாகவே இருந்தது. அரசை எதிர்ப்பவர்கள் மீது பெரும்பாலும் இரண்டு சட்டப் பிரிவுகள் பாயும். ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 70ஆவது பிரிவு 'சோவியத் எதிர்ப்புப் பிரச்சாரம்' பற்றியது. 1966இல் சேர்க்கப்பட்ட 190-1 அரசை அவதூறு செய்வது பற்றியது. வழக்கை விசாரிக்கும் அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையைச் சோதிக்கும்படி மருத்துவர்களைக் கேட்கலாம். தன் செயலுக்குப் பொறுப்பேற்கும் நிலையில் இவர் இல்லை என்று மருத்துவர்கள் கையெழுத்திட்டால் போதும். அவர் இல்லாமலேயே நீதிமன்றம் வழக்கை முடித்துக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பிவிடும்.

70ஆவது பிரிவில் முதல் முறை சிறைக்குப் போனால் அதிகபட்சம் ஏழு ஆண்டு, பிறகு ஐந்து ஆண்டு உள்நாட்டிலேயே தொலைவான ஊரில் கட்டாயக் குடியிருப்பு. கொடுமைதான், ஆனால் நாள் எண்ணலாம். மருத்துவமனைக்குக் காலக்கெடு கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை குழு கூடிப் பார்க்கும், 'இன்னும் குணமாகவில்லை' என்று எழுதிவிட்டுப் போகும். ஆட்சிக்கு வேறொரு லாபமும் இருந்தது. நீதிமன்றத்தில் நின்று பேசும் எதிர்ப்பாளரின் பேச்சு கைப்பிரதியாக நாடெங்கும் சுற்றும். நோயாளி பேசினால் அது வெறும் உளறல்.

கிரிகொரென்கோவுக்கு இது முதல் முறையும் அல்ல. 1964இலும் செர்ப்ஸ்கி நிறுவனம் இதே முடிவைச் சொல்லி அவரை அடைத்தது. மனநோயாளியைத் தண்டிக்கக் கூடாது என்பது ஆட்சியாளர்களே எழுதிய சட்டம்தான். ஆனாலும் ஜெனரல் பதவியைப் பிடுங்கிச் சாதாரணச் சிப்பாயாக இறக்கினார்கள். வெளியே வந்தவர் மூட்டை தூக்கிப் பிழைத்தார். விசாரணைக்கு மட்டும் பைத்தியம், தண்டனைக்கு நல்ல தெளிவு!

இதற்கெல்லாம் மருத்துவத்தில் என்ன ஆதாரம் காட்டினார்கள்? மாஸ்கோ மனநல மருத்துவ உலகில் அப்போது ஆந்த்ரேய் ஸ்னெஷ்னெவ்ஸ்கி வைத்ததே சட்டம். மனச்சிதைவு நோயில் மிக மெதுவாகப் பரவும் ஒரு வகை உண்டு என்பது அவருடைய பள்ளியின் கருத்து. அதற்குக் காதில் குரல் கேட்க வேண்டியதில்லை, இல்லாததைக் கண்ணால் காண வேண்டியதில்லை. பிடிவாதம், நீதிக்காக ஓயாமல் போராடுவது, தத்துவத்தில் மூழ்கிக் கிடப்பது, சமூகத்தைத் திருத்த நினைப்பது எல்லாமே அறிகுறியாகலாம். உயிரியல் அறிஞர் ஷோரஸ் மெத்வெதேவை 1970 மே மாதம் ஒப்னின்ஸ்க் நகரத்து வீட்டிலிருந்து இழுத்துப்போய் 19 நாள் அடைத்துவைத்தபோது, அவர் ஆய்வும் செய்கிறார், அரசியலும் எழுதுகிறார் என்பதையே ஆளுமைப் பிளவாகக் காட்டினார்கள். இயற்பியலாளர் சகாரவும் எழுத்தாளர் சோல்செனித்சினும் குரல் கொடுத்ததால் அவர் சீக்கிரம் வெளியே வந்தார்.

ஸ்னெஷ்னெவ்ஸ்கி இந்தக் கோட்பாட்டைச் சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்காகவே உருவாக்கினார் என்று சொல்ல மாட்டேன். அரசியல் வாடையே இல்லாத எத்தனையோ சாதாரண மக்கள் மீதும் இதே முத்திரை குத்தப்பட்டது. வேலை, குடும்பம், சம்பளம் எல்லாவற்றையும் பணயம் வைத்து ஒருவன் அரசை எதிர்க்கிறான் என்றால் அவனுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும் என்று மனதார நம்பிய மருத்துவர்களும் இருந்திருப்பார்கள். கூலிக்குப் பொய் எழுதியவரைவிட இவர்கள்தான் எனக்கு அதிக அச்சம் தருகிறார்கள்.

அடைக்கும் இடங்கள் கசான், லெனின்கிராத், ஒரியோல், செர்னியாகோவ்ஸ்க், த்னெப்ரோபெத்ரோவ்ஸ்க் போன்ற ஊர்களில் இருந்தன. 'சிறப்பு' மனநல மருத்துவமனைகள் என்று பெயர். 1988 வரை அவை சுகாதார அமைச்சகத்தின் கீழ் இல்லை, உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருந்தன. கவிஞர் நத்தாலியா கொர்பனெவ்ஸ்கயா கசானில் இருந்தார். 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்ததை எதிர்த்து, கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு செஞ்சதுக்கத்தில் நின்றவர். உக்ரைனின் கணித அறிஞர் லியோனித் பிளியூஷ்ச் த்னெப்ரோபெத்ரோவ்ஸ்கில். ஹாலோபெரிடால் மருந்தை, அதன் பக்கவிளைவுகளைத் தணிக்கும் மாத்திரை இல்லாமலேயே கொடுப்பார்கள். உடல் முறுக்கிக்கொள்ளும், உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. எண்ணெயில் கரைத்த கந்தகத்தை ஊசியாகப் போட்டால் காய்ச்சல் கொதிக்கும். இதிலிருந்து விடுபட வழி ஒன்றுதான்: என் கருத்துகள் என் நோயால் வந்தவை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ராதுகா, முன்னேற்றப் பதிப்பக வெளியீடுகள் வழியே சோவியத்தை நேசித்த தமிழ் வாசகர்களுக்கு இதெல்லாம் வெகுகாலம் மேற்கத்தியப் புளுகாகவே பட்டது. ஆனால் முதலில் அம்பலப்படுத்தியவர்கள் சோவியத் குடிமக்கள்தான். விளாதிமிர் புகோவ்ஸ்கி 1971இல் மருத்துவ அறிக்கைகளின் நகல்களைத் திரட்டி மேற்கு நாட்டு மனநல மருத்துவர்களுக்கு அனுப்பினார். அதே ஆண்டு கீவ் நகரத்து இளம் மருத்துவர் செமியோன் குளுஸ்மன், கிரிகொரென்கோவை நேரில் பார்க்காமலே ஆவணங்களை அலசி, அவருக்கு நோய் இல்லை என்று மாற்று அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு கைதாகி ஏழு ஆண்டு முகாம், மூன்று ஆண்டு கட்டாயக் குடியிருப்பு என்று தண்டனை பெற்றார். கைதாகியிருந்த புகோவ்ஸ்கியும் அவரும் பெர்ம் முகாமில் சந்தித்தார்கள். மனநல மருத்துவர் முன் நிறுத்தப்பட்டால் என்ன பேசலாம், எதை மறைக்கலாம் என்று எதிர்ப்பாளர்களுக்கு ஒரு கையேட்டை அங்கேயே எழுதி முடித்துப் பிளியூஷ்ச்சுக்குக் காணிக்கையாக்கினார்கள்.

உலக மனநல மருத்துவ சங்கம் 1971இல் மெக்சிகோவில் கூடியபோது இதைத் தொடவே இல்லை. 1977இல் ஹொனலூலுவில் கண்டனத் தீர்மானம் 90க்கு 88 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. 1983இல், வெளியேற்றப்படுவதற்கு முன்பே சோவியத் சங்கம் தானாக விலகிக்கொண்டது. நடந்ததை ஒப்புக்கொண்ட பிறகு 1989இல் ஏதென்ஸில் நிபந்தனையோடு திரும்பச் சேர்த்தார்கள். 1974இல் விடுதலையான கிரிகொரென்கோ பின்னர் அமெரிக்கா போனார். அங்கே தானே கேட்டுப் பரிசோதனை செய்துகொண்டார். நோய் இல்லை என்றது 1979இல் வந்த முடிவு.

அவருக்கு உண்மையிலேயே மனநோய் இருந்திருந்தால்? செய்தது சரி என்று ஆகிவிடுமா? மாஸ்கோ பொலோத்னயா சதுக்க ஆர்ப்பாட்ட வழக்கில் 2013இல் மிகாயில் கொசென்கோவைக் காலவரையற்ற கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். அவர் பல ஆண்டுகளாக வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டு அமைதியாக வாழ்ந்தவர். அவர் தாக்கியதாகச் சொல்லப்பட்ட போலீஸ்காரரே அவரை அடையாளம் காட்டவில்லை. நோய் நிஜம், அடைத்தது அநியாயம். ஆகவே 'இவருக்குப் பைத்தியமா இல்லையா' என்பதோடு நின்றுவிடக் கூடாது. ஓர் அரசியல் செயல் எதற்காக மருத்துவர் மேசைக்கு வந்தது என்று கேட்க வேண்டும்.

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தன் 3ஆவது பிரிவில் இந்த இடத்தைத் தொடுகிறது. ஒருவரின் அரசியல் நிலையை வைத்தோ, ஊரில் நிலவும் அரசியல், சமூக, மத நம்பிக்கைகளோடு அவர் ஒத்துப்போகாததை வைத்தோ மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது. 89ஆவது பிரிவின்படி, ஒருவரை அவர் சம்மதமின்றிச் சேர்க்க இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். முதலில் 30 நாள் வரைதான். ஏழு நாளுக்குள், பெண் என்றால் மூன்று நாளுக்குள், மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சேர்க்கப்பட்டவர் அந்த வாரியத்தில் முறையிடலாம், இலவசச் சட்ட உதவியும் கேட்கலாம்.