எந்த டீமேட் கணக்கு யாருக்கு?

"எந்த புரோக்கர் நல்லது?"ன்னு தம்பி கேட்டான். "மாசத்துக்கு எத்தனை தடவை விப்பே?"ன்னு திருப்பிக் கேட்டேன். "வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு" என்றான்.

தினமும் வாங்கி விற்பவர் ஆர்டர் கட்டணத்தைப் பார்க்கணும். ஆர்டருக்கு 20 ரூபாய், தினம் 10 ஆர்டர், 20 நாள் என்றால் மாதம் 4,000 ரூபாய்.

வாங்கி வைப்பவருக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் முக்கியம். 2024 செப்டம்பர் முதல் பி.எஸ்.டி.ஏ. எனும் அடிப்படை டீமேட்டில் 4 லட்சம் மதிப்பு வரை அது கிடையாது. 10 லட்சம் வரை 100 ரூபாய். ஆனால் நம் பெயரில் ஒரே டீமேட்தான் இருக்கணும். சலுகைக்கு ஆசைப்பட்டு மூன்று கணக்கு திறந்து நான் இதை இழந்தேன்.

விற்கும்போது டி.பி. கட்டணம் தனி. பல புரோக்கர்களிடம் ஒரு பங்கை ஒரே நாளில் எவ்வளவு விற்றாலும் ஒரே தொகைதான். கொஞ்சம் கொஞ்சமா விற்றால் நஷ்டம்.

தம்பிக்கு ஒரே ஒரு பி.எஸ்.டி.ஏ. போதும்.