அடுப்படிப் புகையை அளத்தல்

பழைய வீடுகளின் வளித்தூய்மையை ஆராய்வோர் முதலில் நோக்கவேண்டிய இடம் அடுப்படியாகும். விறகு முற்றாக எரியாதபோது காபனோரொட்சைட்டும், 2.5 மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட நுண்துணிக்கைகளும் வெளிப்படுகின்றன. இத்துணிக்கைகள் நுரையீரலின் ஆழம்வரை செல்வன. காபனோரொட்சைட்டுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. எனவே கண்ணெரிச்சலைக் கொண்டு தீங்கினை மதிப்பிடல் இயலாது. கருவியால் அளத்தல் இன்றியமையாததாகிறது.

கருவியை அடுப்பிலிருந்து ஏறத்தாழ 1 மீற்றர் தொலைவில், நின்று சமைப்பவர் சுவாசிக்கும் உயரமாகிய ஏறத்தாழ 1.5 மீற்றரில், கதவு யன்னல்களுக்கு அண்மையிலன்றி வைத்தல் வேண்டும். சமையல் வேளையில் மட்டுமன்றி 24 மணிநேரமும் தொடர்ந்து அளத்தல் அவசியம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி, நுண்துணிக்கைகளுக்கான 24 மணிநேரச் சராசரி எல்லையைக் கன மீற்றருக்கு 15 மைக்கிரோகிராம் எனக் குறிக்கின்றது.

ஆயின், ஒரே வீட்டில் வாழினும் திண்ணையில் அமர்பவரும் அடுப்பருகே நிற்பவரும் ஒரே வளியைச் சுவாசிப்பதில்லை. சமையற் பொறுப்பு பெண்கள்மீது சுமத்தப்பட்டுள்ள சமூகத்தில் புகையின் பெரும்பங்கும் அவர்களையும், அவர்கள் அருகிலிருக்கும் குழந்தைகளையுமே சாருகின்றது. ஆகவே முன்கூடத்தில் மட்டும் அளந்து வீடு தூயதெனக் கூறுதல் தவறாகும். புகைக்கூடு அமைத்த பின்னரும் அடுப்படியில் அதே இடத்தில் மீண்டும் அளந்தாலன்றி அதன் பயனை அறியமுடியாது.