காந்தத்தில் ஒட்டாத உலோகம்

கார் என்ஜின் எண்ணெயை மாற்றும்போது தொட்டியின் அடியில் இருக்கும் டிரெயின் நட்டைக் கழற்றி, பழைய எண்ணெயை வடிய விடுவார்கள். சில நட்டுகளின் முனையில் ஒரு சிறு காந்தம் பொருத்தப்பட்டிருக்கும். அதன்மேல் கறுப்புச் சேறு போல ஏதோ படிந்திருக்கும். கையுறை போட்ட விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசையாக வரும். அது இரும்புத் தூள்.

வாகனத் தொழில்நுட்பம் படிக்கும் எனக்கு, தொழிற்பயிற்சிக்குப் போன பட்டறையில் மிகவும் பிடித்த வேலை இந்த நட்டைப் பார்ப்பதுதான்.

பிஸ்டன் ரிங், கேம்ஷாஃப்ட், டைமிங் செயின், சிலிண்டரின் உட்சுவர் என்று உரசிக்கொண்டே இருக்கும் பாகங்கள் பெரும்பாலும் எஃகு அல்லது வார்ப்பிரும்பு. அவை தேயத் தேய, உதிரும் தூள் எண்ணெயோடு சுற்றுகிறது. ஃபில்டர்தான் இருக்கிறதே என்பீர்கள். சாதாரணக் காகித ஃபில்டர் 20, 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை நன்றாகப் பிடிக்கும். அதைவிடச் சிறியவற்றில் கணிசமானவை தப்பிவிடும். (நம் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான்.) சுழலும் தண்டையும் பேரிங்கையும் ஒட்டவிடாமல் பிரித்து வைக்கும் எண்ணெய்ப் படலமோ சில மைக்ரான்தான். அந்த இடைவெளிக்குள் நுழையக்கூடிய துகள்தான் அங்கே கோடு கிழிக்கிறது. ஃபில்டரில் தப்பிய அந்தப் பொடியிலும் ஒரு பகுதியைக் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும்.

அப்படியானால் ஒரு காந்தத்தை வாங்கி ஃபில்டரின் வெளியே ஒட்டிவிடலாமே? என் நண்பர்கள் பலர் கேட்ட கேள்வி இது. ஃபில்டரின் கூடு இரும்புத் தகடு என்பதால் காந்தப்புலத்தில் பெரும்பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும். அடுத்தது வெப்பம். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலிமையை இழக்கத் தொடங்கும். நெடுஞ்சாலையில் ஓடும் என்ஜினின் எண்ணெயோ 100 டிகிரியை ஒட்டி இருக்கும். வெப்பம் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். சமேரியம் கோபால்ட் என்றால் இன்னும் நல்லது, விலைதான் கடிக்கும்.

எண்ணெயைச் சுத்தம் செய்வதைவிட என்ஜினின் உடல்நிலையைச் சொல்வதில்தான் காந்தம் அதிகம் உதவுகிறது என்பது என் கருத்து. மெல்லிய பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். ஊசி போன்றோ செதில் போன்றோ துண்டுகள் ஒட்டியிருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. ஹெலிகாப்டர்களிலும் இதே உத்தி உண்டு. எண்ணெய் ஓடும் பாதையில் காந்தத்தோடு இரண்டு மின்முனைகளைச் சிறு இடைவெளி விட்டு வைத்திருப்பார்கள். இரும்புத் துகள்கள் அந்த இடைவெளியை நிரப்பினால் மின்சுற்று இணைந்து, விமானியின் முன்னால் எச்சரிக்கை விளக்கு எரியும்.

ஆனால் காந்தத்தின் கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. பிஸ்டன் அலுமினியம். பேரிங்கின் உட்பூச்சில் செம்பு, ஈயம், வெள்ளீயம் இருக்கலாம். சாலைத் தூசி மணல். எதுவும் காந்தத்தில் ஒட்டாது.

ஒருநாள் இ-ஹெய்லிங் ஓட்டுநர் ஒருவர் எண்ணெய் மாற்ற வந்தார். அன்றிரவு ஜொகூருக்கு ஓட்டம் இருந்தது. நட்டில் லேசான பசை மட்டுமே. "அதான் கிளீனா இருக்கே பாஸ், சீக்கிரம் முடிச்சிக் கொடுங்க" என்றார். மூத்த மெக்கானிக் அண்ணன் பதில் சொல்லாமல், வடிந்த எண்ணெயில் டார்ச் அடித்தார். செம்பு நிறத்தில் மினுமினுப்பு. பழைய ஃபில்டரை அறுத்துக் காகிதத்தை விரித்தோம். மடிப்புகளில் அதே நிறத்தில் பொடிச் செதில்கள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன், ஒன்றுகூட அசையவில்லை.

"இப்படியே ஓட்டினா வழியில பேரிங் பிடிச்சிக்கும். அப்புறம் என்ஜினையே மாத்தணும்," என்றார் அண்ணன். ஒரு நாள் வருமானம் போவதும் அவருக்குச் சிறிய விஷயமில்லை. கொஞ்ச நேரம் ஃபில்டர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓட்டத்தை ரத்து செய்தார்.

மறுநாள் எண்ணெய்த் தொட்டியை இறக்கிப் பார்த்தபோது, இரண்டு பேரிங்குகளில் மேற்பூச்சு தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. தண்டில் கீறல் விழவில்லை. பேரிங்குகளை மட்டும் மாற்றினோம்.